சிரிப்பு எண் முப்பத்தைந்து

அந்தேரி கிழக்கில், லிஃப்ட் நிற்காத மாடியில்
சிரிப்பு ஒட்டுவது என் வேலை.
கணினியில் முப்பத்து நான்கு சிரிப்புகள்.
எந்த ஊர்க் கூட்டத்தில் பிடித்தார்களோ.
ஒன்பதாம் எண் நல்ல குண்டுச் சிரிப்பு,
யாராவது விழுந்தால் அதுதான்.
இருபத்தொன்றின் நடுவே ஒருவர் இருமுவார்.
இந்நேரம் அவருக்குக் குணமாகியிருக்கும்,
அல்லது.

தொடரின் பெயர் 'மாஸ்டர் ஃபவுல்'.
நாட்டுக்காக நீளம் தாண்டிய ஒருவர்
முழங்கால் போனபின் நகராட்சிப் பள்ளியில்
விளையாட்டு பீரியடை வாரந்தோறும்
கணக்கு டீச்சரிடம் பறிகொடுப்பார்.
நிமிடத்துக்கு மூன்று சிரிப்பு,
ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.
பன்னிரண்டாம் எபிசோடில் இடது கால் நொண்டியது,
பதிமூன்றில் வலது.
அதற்குப் பிறகுதான்
சுலபா டோங்ரேயைக் கூட்டிவந்தார்கள்.

நிஜமாகவே தாண்டியவர்.
நிஜமாகவே விக்ரோலியில் ஒரு பள்ளியில் விசில் ஊதுகிறவர்.
செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டு
கோரேகாவ் செட்டுக்குப் போய்
எந்தக் கால் என்று காட்டிவிட்டு
என் அறைக்கு வருவார். இங்கே ஏசி உண்டு.
காலை நாற்காலி மேல் நீட்டி
வடாபாவைக் காகிதத்தோடு பிய்த்துத் தின்பார்.
நகைச்சுவை எதற்கும் சிரிக்கமாட்டார்.
கணக்கு டீச்சர் வரும்போது மட்டும்
'அவ இதைவிட மோசம்' என்பார்,
என்னிடமல்ல, திரையிடம்.

நாற்பத்தோராம் எபிசோட்.
ராத்திரி. பள்ளி மைதானம்.
மாஸ்டர் ஒருவரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு
ஓடிவருகிறார், தாண்டுகிறார்,
மணலில் குதிகால் பதிந்து
பின்பக்கம் சாய்ந்து, கையை ஊன்றி, விழுகிறார்.
இங்கே ஒன்பது.
எழுந்து தட்டிக்கொண்டு டேப்பை இழுக்கிறார்,
குதிகால் தடத்திலிருந்து பலகை வரை.
கண்ணாடியைத் தேடிப் போட்டு எண்ணைப் படிக்கிறார்.
இங்கே இருபத்தொன்று.

என் விரல் பொத்தானுக்குப் போகுமுன்
பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.
மூக்கில் தொடங்கி
வாயிலிருந்த உருளைக்கிழங்கைத் தாண்டி
புரையேறி
கண்ணில் நீர் வரும் வகைச் சிரிப்பு.
கமென்டரிக்கு வைத்த மைக் திறந்தே இருந்தது.

'கை பட்ட இடத்திலிருந்து அளக்கணும்' என்றார்.
'பலகைக்குக் கிட்ட எது பட்டதோ அதுதான் கணக்கு.
அந்த மனுஷன் நாப்பது சென்டிமீட்டர்
பொய் சொல்றான்.'

சீன் எழுதினவருக்குத் தெரியாது, நான் சொல்லிடறேன் என்றேன்.
அவர் காகிதத்தை மடித்தார்.
இன்னும் சின்னதாக மடித்தார்.
'சொல்லாதே.
யாரும் இல்லாதப்ப அப்படித்தான் அளப்போம்.'

தயாரிப்பாளர் மறுநாள் கேட்டுப் பார்த்தார்.
யாரு இது, ஒரே ஒரு ஆள் சிரிக்குது,
ஹால் காலியா இருக்கிற மாதிரி இருக்கே.
ஒன்பதைப் போட்டுக் காட்டினேன்.
மறுபடி ஒற்றையைப் போட்டேன்.
அவர் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு
சரி, ஒப்பந்தத்தில் எத்தனை பேர் சிரிக்கணும்னு
எழுதலையே என்று போய்விட்டார்.

வியாழன் இரவு ஒன்பதரைக்கு அது போனது.
சயான் கோலிவாடாவில், என் வீட்டு மாடிப்படியில் நின்று கேட்டேன்.
மூன்று வீடுகளில் அதே சேனல்,
மூன்று சுவருக்குப் பின்னால் அதே பெண்
கொஞ்சம் முன்னும் பின்னுமாகப் புரையேறினாள்.
இரண்டாம் வீட்டில் யாரோ கூடச் சிரித்தார்கள்,
விழுந்ததற்கா, அளந்ததற்கா, தெரியவில்லை.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை.
விக்ரோலியில் விளையாட்டு விழாவாம்,
கணக்கு டீச்சர் மைதானத்தைக் கேட்டிருக்கிறாளாம்.
கோப்புக்குப் பெயர் வைக்கவேண்டியிருந்தது.
35, பெண், தனி, என்று அடித்தேன்.
பயன்பாடு என்ற கட்டத்தில்
'விழும்போது வேண்டாம்' என்று எழுதி
வேறெதுவும் தோன்றாமல்
சேமித்தேன்.